கட்டிலுக்கடியில் ஒரு தொட்டி

அத்தியாயம் பதினான்கு

மகள் பக்கம்தான் நியாயம் என்று எழுதிய வாசகிகளும், அப்பா பக்கம்தான் நியாயம் என்று எழுதிய வாசகர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். ஆறு வாரமாக அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் அம்மா. அவளுக்காக ஒருவராவது கடிதம் எழுதினீர்களா?

இந்தப் பக்கம் புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய மோட்டார் படகை வாங்கி, படகுத்துறையில் கட்டி, மனைவியோடு அதிலேயே குடியேறினார். இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு கழிவறை. எல்லோரும் தன்னைக் கேப்டன் என்று கூப்பிட வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் படகை வெளியே எடுக்கும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் ஒரு ஹாரன் அடிப்பார். துறையில் 'டிரைவர்' என்ற பெயர்தான் நிலைத்தது. அம்மா அந்தப் படகுக்கு வைத்திருக்கும் பெயர் 'சக்களத்தி'.

சக்களத்திக்கு வயது நாற்பத்திரண்டு. அவள் கட்டப்பட்ட காலத்தில் கழிவறைத் தண்ணீர் நேராகக் கடலுக்குப் போனது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். கழிவைப் பிடித்து வைக்கும் தொட்டி இல்லாத படகு துறையில் நிற்கக் கூடாது என்று துறை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தொட்டி நிறைந்தால் கரையிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சிக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடுதான். கெட்டது அதனால் வந்த சண்டை.

"படக வித்துட்டு எங்க வீட்டுக்கு வந்துடுங்க. உங்க பிடிவாதத்துக்காக அம்மா ஏன் ஏணி ஏறி எறங்கி அவஸ்தைப்படணும்?" என்று மகள் கேட்டாள். "இனிமே என் படகுல கால் வைக்காதே" என்றார் அப்பா. அவ்வளவுதான், இரண்டு வாயும் பூட்டிக்கொண்டன. போன வாரம் அம்மா கண்ணீர் விட்டு ஒரு சமாதானம் செய்து வைத்தாள். பேச வேண்டாம், தொட்டியை மட்டும் சேர்ந்து வைத்துக் கொடுங்கள். மகள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை பிளம்பர். பெண்ணைப் பெற்று வைத்துக்கொண்டு வெளியாளைத் தேடுவார்களா?

இன்றுதான் அந்த நாள். மாலை நான்கு மணிக்குப் பரிசோதகர் வருகிறார். அதற்குள் தொட்டி தன் இடத்தில் உட்கார்ந்து, ஒரு சொட்டு ஒழுகாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக் காலையில் படகு துறையைக் காலி செய்ய வேண்டும். போவதற்கு வேறு துறை கிடையாது. அப்பாவின் வீடு போய்விடும்.

* * *

காலை எட்டு மணிக்கு மகள் வேனில் தொட்டியோடு வந்து இறங்கினாள். தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக்கில், சொல்லிச் செய்த தொட்டி. நீளமாக, ஒரு பெரிய டிரங்குப் பெட்டி அளவு இருந்தது.

அப்பா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மரப்பாலத்தில் நடந்தார்கள். அம்மா பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி மெல்ல வந்தாள்.

"அம்மா, அவரப் பாத்து நடக்கச் சொல்லு. அங்க ஒரு பலகை ஆடுது."

"அந்தப் பலகைய அடிச்சதே நான்தான்னு சொல்லு. எனக்குத் தெரியாதா?"

"ஏங்க, ஆடுதாம். ஏண்டி, அவருக்குத் தெரியுமாம்" என்றாள் அம்மா.

அம்மா இருபத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். ஊரில் யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் இவள்தான் இணைப்புக் கொடுப்பாள். அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

முன்னறையில் மெத்தையைச் சுருட்டி வைத்து, கட்டில் பலகையைக் கழற்றி எடுத்திருந்தார் அப்பா. பழைய படகில் தொட்டி வைக்க அந்த ஓர் இடம்தான் உண்டு. அடியில் துடைத்துப் பெருக்கி, சின்ன விளக்கு ஒன்றுகூடத் தொங்கவிட்டிருந்தார். மகள் அதைக் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

தொட்டியை மேலிருந்து இறக்கினார்கள். நீளம் அளவெடுத்தாற்போல் பொருந்தியது. அகலமும் சரியாக இருந்தது. அப்பா பலகையைத் தூக்கி மேலே வைத்தார்.

பலகை உட்காரவில்லை.

அழுத்திப் பார்த்தார். ஒரு மூலையில் முழங்காலை வைத்து அமுக்கினார். தொட்டி கட்டில் சட்டத்துக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. மகள் டேப்பை எடுத்து வைத்தாள். இரண்டு அங்குலம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"உயரம் பதினேழுன்னுதானே சொன்னாரு, கேளும்மா."

"பதினேழுன்னுதான் சொன்னேன்" என்றார் அப்பா, அம்மாவிடம்.

"இருக்கறது பதினஞ்சு!"

"பதினஞ்சுதான். எனக்குத் தெரியாதா?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பதினஞ்சுன்னு தெரிஞ்சா ஏங்க பதினேழுன்னு சொன்னீங்க? நான்தானே போன்ல அப்படியே சொன்னேன்!"

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் எந்த உயரம் சொன்னாலும் அதுல ரெண்டு இஞ்ச் கழிச்சுத்தான் அவ செய்வா. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். 'அப்பா எதையும் பெருசாத்தான் சொல்லுவாரு'ன்னு கழிச்சிடுவா. அலமாரி செஞ்சப்ப கழிச்சா. திரைச்சீலை தைக்கக் குடுத்தப்பவும் கழிச்சா. அதான் இந்தத் தடவ முன்னாடியே ரெண்டு சேத்துச் சொன்னேன்."

மகள் கையில் டேப் அப்படியே நின்றது.

"அம்மா, அவருகிட்ட சொல்லு." குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "இந்த ஒரு தடவதான் கழிக்கல. சண்ட போட்டுட்டு வந்துட்டோம், அவரு வார்த்தைக்கு இதுலயாவது மரியாதை குடுப்போம்னு நெனச்சேன். அவரு சொன்னது சரியாத்தான் இருக்கும்னு அப்படியே குடுத்தேன்னு சொல்லு."

அம்மா எதையும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அறையில் மூன்று பேர் நிற்கவே இடம் பத்தாது. எல்லோருக்கும் எல்லாம் கேட்டுத்தான் இருந்தது.

அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏணியில் ஏறி மேல்தளத்துக்குப் போய்விட்டார். அழப் போனார் என்று நான் சொன்னால் அவர் என்னையும் படகில் கால் வைக்கக் கூடாது என்பார். ஆனால் அதற்குத்தான் போனார்.

* * *

பத்து மணி. வேறு தொட்டி செய்ய ஒரு வாரமாகும். அடியைத் தோண்டவும் முடியாது, அடியில் இருப்பது படகின் விலா. பலகையின் நடுவில் ஓட்டை போட்டால் தொட்டி மேல் தலை வைத்துத் தூங்க வேண்டும். மகள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தாள். அப்பா சிவந்த கண்ணோடு இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"ரெண்டு பேரும் கெட்டிக்காரங்கதான்" என்றாள் அம்மா. "தொட்டியக் கொறைக்க முடியாது, சரி. கட்டில ரெண்டு இஞ்ச் ஒசத்தினா என்ன?"

இருவரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"சட்டத்துக்கு மேல ரெண்டு இஞ்ச் கட்டை வெச்சு, அதுமேல பலகையப் போடுங்க. எனக்கும் எழுந்திரிக்க சுலபமா இருக்கும். இதுக்குப் போய் ஒருத்தர் மேல போறாரு, ஒருத்தி தரையில உக்கார்றா."

கட்டைக்கு எங்கே போவது? துறையைத் தாண்டி மரக்கடைக்குப் போய் வந்தால் அரை நாள் ஓடிவிடும். அப்பா நடுஅறைக்குப் போனார். அங்கே சாப்பாட்டு மேஜையை ஒட்டி ஒரு தேக்குப் பெஞ்சு. அதன் விளிம்புக் கட்டைகள் சரியாக இரண்டு அங்குலக் கனம். அந்தப் பெஞ்சில் யாராவது காலைத் தூக்கி வைத்தால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை எண்ணெய் போட்டுத் துடைப்பார்.

ஸ்க்ரூடிரைவர் சத்தம் கேட்டது. கால் மணி நேரத்தில் நான்கு கட்டைகளோடு வந்தார்.

"பெஞ்சா?" என்று மகள் வாய் திறந்துவிட்டு, சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள். "பெஞ்சையா ஒடச்சாருன்னு கேளு."

"ஒடைக்கல. கழட்டினேன். எல்லாம் திருகுதான்னு சொல்லு."

பதினொன்றரைக்குப் பலகை உட்கார்ந்தது. அம்மா அதன் மேல் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். "மகாராணி கட்டில்" என்றாள். அவள் சிரித்ததில் இரண்டு பேருக்குமே பாதிக் கோபம் போயிருக்க வேண்டும். ஆனால் யார் முதலில் பேசுவது? அந்த வீம்பு மட்டும் அப்பாவிடமிருந்து மகளுக்கு அச்சு அசலாக வந்திருக்கிறது.

* * *

மத்தியானம் முழுக்கக் குழாய் வேலை.

நாற்றம் கசியாத தடித்த ரப்பர் குழாய் அது. லேசில் வளையாது, முனையில் ஏறாது. அம்மா கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தாள். குழாய் முனையை வெந்நீரில் முக்கி, இளகியதும் ஒரே அழுத்தில் ஏற்றிவிட வேண்டும். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப், இரண்டையும் நன்றாக முடுக்க வேண்டும். தொட்டி பக்கத்து முனைகளை மகள் எடுத்துக்கொண்டாள். கழிவறைப் பக்கம் அப்பாவுக்கு.

அடுத்தது காற்றுக் குழாய். தொட்டியில் அடைபடும் காற்று வெளியே போக ஒரு சின்னக் குழாய் வேண்டும். இடது பக்கம் விட்டால் ஓர் அடி தூரம், பத்து நிமிட வேலை.

"சாயங்காலம் அவரு எங்கம்மா நாற்காலி போட்டு உக்காருவாரு?" என்று மகள் ரகசியமாகக் கேட்டாள்.

"எடது பக்கம்தான். வெயில் படாது."

மகள் குழாயை அறை முழுக்கச் சுற்றி, அலமாரிக்குப் பின்னால் நுழைத்து, வலது பக்கம் கொண்டுபோய் விட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. முதுகு வளைந்துவிட்டது. அப்பா ஒருமுறை எட்டிப் பார்த்தார். இடது பக்கம் ஓர் அடியில் முடிவதை ஏன் இப்படிச் சுற்றுகிறாள் என்று நெற்றியைச் சுருக்கினார். பிறகு அவருக்குப் புரிந்தது. "அவளுக்கு ஏதாவது சாப்பிடக் குடுத்தியா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நீங்களே கேளுங்க. ரெண்டடி தூரத்துலதான் இருக்கா."

கேட்கவில்லை. தட்டை மட்டும் கொண்டுவந்து மகள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டரை மணிக்குச் சோதனை. கழிவறையில் அப்பா பம்ப் அடிக்க, நல்ல தண்ணீர் தொட்டிக்குள் போகும். மகள் கட்டிலுக்கடியில் குனிந்து, ஒவ்வொரு இணைப்பிலும் காகிதம் வைத்து ஈரம் பார்க்க வேண்டும். நடுவில் அம்மா.

"மெதுவா அடிக்கச் சொல்லும்மா."

"மெதுவா அடிங்க."

"இதுக்கு மேல மெதுவான்னா நாளைக்குத்தான் நெறையும்னு சொல்லு."

"நாளைக்குத்தான் நெறையுமாம்."

"சரி, வேகமாவே அடிக்கட்டும்!"

அம்மா நிமிர்ந்தாள். இடுப்பில் கை வைத்தாள். "லைன் கட்! ரெண்டு பேரும் நேரா பேசுறதுன்னா பேசுங்க, இல்லாட்டி பரிசோதகர் வந்து படகக் கெளப்பட்டும். எனக்கென்ன வந்துச்சு? எக்ஸ்சேஞ்சுலகூட மத்தியானம் ஒரு மணி நேரம் லீவு விடுவாங்க." கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி மேலே போய்விட்டாள்.

அப்பா கோபத்தில் பம்பை ஓங்கி அடித்தார். நாலு அடி. ஐந்து அடி.

கழிவறைச் சுவருக்கு அந்தப் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். குழாய் கழன்று, அடித்த தண்ணீரெல்லாம் மகள் முகத்தில் வந்து பீய்ச்சியது.

"அப்பா! நிறுத்துங்கப்பா! அப்பா!"

பம்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். வாசற்படியில் வழுக்கி, கதவைப் பிடித்துச் சமாளித்து, முட்டி போட்டுக் குனிந்தார். "குட்டி! கண்ணுல பட்டுச்சா? காமி, கண்ணக் காமி!"

தலையிலிருந்து கால் வரை நனைந்து, காகிதத்தைக் கையில் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணும் ஆகலப்பா. நல்ல தண்ணிதான்."

"நல்ல தண்ணியா இருந்ததால பொழச்ச" என்றார் அப்பா. அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆறு வாரத்துச் சிரிப்பு. நிறுத்த முடியாமல் ரெண்டு பேரும் அந்தச் சந்துக்குள் கிடந்து சிரித்தார்கள். மேலே அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு கிளிப்தானே முடுக்கியிருக்கு? ரெண்டாவது எங்க?"

"அதோட திருகு சுவத்துப் பக்கம் மாட்டிக்கிச்சு. என் கை போகல."

"வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் முடுக்கியிருப்பேனே!"

"எப்படிச் சொல்றது? நாமதான் பேசறதில்லையே" என்றார் அப்பா.

* * *

நான்கு மணிக்குப் பரிசோதகர் வந்தார். கையில் படிவம், மூக்கில் கைக்குட்டை. நான்கு நாளாகக் கடும் சளியாம்.

"நாத்தம் வருதான்னு பாக்கணும். எனக்கு மூக்கே வேல செய்யல. நீங்களே உண்மையச் சொல்லிடுங்க" என்றார்.

தொட்டியைப் பார்த்தார். இரட்டைக் கிளிப்புகளைத் தொட்டு ஆட்டினார். கடலுக்குப் போகும் பழைய வால்வு மூடிப் பூட்டப்பட்டிருப்பதைப் பார்த்தார். காற்றுக் குழாய் ஏன் இத்தனை சுற்று என்று கேட்டார். அப்பா, "என் பொண்ணு வேல. அவ செஞ்சா காரணம் இருக்கும்" என்றார். மறுபடி ஒருமுறை தண்ணீர் அடித்து, காகிதம் வைத்துப் பார்த்தார்கள். காகிதம் காய்ந்தே இருந்தது.

"பிரமாதம். பாஸ்" என்றார் பரிசோதகர்.

அப்பா மகள் தோளில் கை போட்டுக்கொண்டார். அம்மா எல்லோருக்கும் காபி எடுத்து வந்தாள். பரிசோதகர் நடுஅறையில் விளிம்பில்லாத பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்.

"கடைசியா ஒண்ணு. தொட்டி அளவுக்குக் கணக்கு வேணும். படகுல தங்கறது எத்தன பேர்?"

"ரெண்டு" என்றார் அப்பா.

"ஒண்ணு" என்றாள் அம்மா.

பேனா நின்றது.

அம்மா காபித் தட்டைக் கீழே வைத்தாள். "அடுத்த வியாழக்கிழமை எனக்கு முழங்கால் ஆபரேஷன். ரெண்டு மாசத்துக்கு ஏணி ஏறக் கூடாதாம். தேதி வாங்கிப் பத்து நாளாச்சு."

"எந்த ஆஸ்பத்திரி? எங்க ஆஸ்பத்திரியில உன் பேரே வரலியே!" என்றாள் மகள்.

"அதனாலதான் அங்க வரல. உன் ஆஸ்பத்திரியில வாட்ச்மேன்லேருந்து அத்தன பேரும் உனக்குச் சொல்லிடுவாங்க. வேற எடத்துல பாத்துக்கிட்டேன். லைப்ரரிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்." அம்மா அப்பாவைப் பார்த்தாள். "ரெண்டு மாசம் நான் மக வீட்டுல இருந்துக்கறேன். நீங்க இங்க இருங்க. அதனால இவர் ஒருத்தர்தான். ஒண்ணுன்னு போடுங்க சார்."

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பூஜ்யம்னு போடுங்க."

"என்னங்க?"

"நீ இல்லாம நான் இங்க என்ன பண்ணப் போறேன்? பூஜ்யம்."

பரிசோதகர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சங்கடப்பட்டார். "சார், இது படகுலயே குடியிருக்கறவங்களுக்கான வரிசை. முப்பது நாள் யாரும் தங்கலன்னா இந்த இடம் அடுத்துக் காத்திருக்கறவங்களுக்குப் போயிடும். எவ்வளவு கஷ்டப்பட்டு இன்னிக்கு..."

"போகட்டும்" என்றார் அப்பா.

காலையிலிருந்து எதற்காக மூன்று பேரும் செத்துப் பிழைத்தார்களோ, அதை ஒரே வார்த்தையில் கொடுத்துவிட்டார் மனுஷன். இவர் பக்கம் நியாயமே இல்லை என்று எழுதிய வாசகிகள் இப்போது என்ன சொல்கிறீர்கள்?

"இதுக்குத்தான் நான் சொல்லல" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். "முன்னாடியே சொன்னா தொட்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு விட்டுடுவீங்கன்னு தெரியும். எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். இந்தப் படகு இல்லாம நீங்க எப்படி இருப்பீங்க? எனக்குத் தெரியாதா உங்கள?"

மகள் இன்னும் ஈரம் காயாத சட்டையோடு முன்னால் வந்தாள்.

"ஒண்ணுன்னு எழுதுங்க சார். நான் தங்கறேன்."

"நீயா?" என்றார் அப்பா. "வித்துடச் சொன்னவ நீ!"

"இப்பவும் அதான் சொல்றேன். விக்கணும்னா அம்மா கால் சரியாகி, நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணி விக்கணும். ஒரு ஃபாரத்துல, இப்படி அவசரத்துல விட்டுடக் கூடாதுப்பா. ரெண்டு மாசம் உங்க எடத்த நான் பாத்துக்கறேன். நீங்க எங்க வீட்டுல அம்மாவப் பாத்துக்கோங்க."

பரிசோதகர் படிவத்தை அப்பா பக்கம் திருப்பி, 'தங்குபவருக்கும் உரிமையாளருக்கும் என்ன உறவு' என்ற கட்டத்தைக் காட்டினார். அப்பா பேனாவை வாங்கி, பஸ்ஸின் நெற்றிப் பலகையில் எழுதுவதுபோல் பெரிய பெரிய எழுத்தில் 'மகள்' என்று எழுதினார். கட்டம் பத்தவில்லை, வெளியே போயிற்று.

பரிசோதகர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பாலத்தில் தும்மிக்கொண்டே போனார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். "ஏண்டி, நீ இங்க வந்துட்டா, அங்க நாங்க ரெண்டு பேரும் மாப்பிள்ளையும் மட்டுமா?"

"ஆமா."

"ரெண்டு மாசமா?"

"ஆமா."

"அவருகிட்டக் கேட்டியா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். காலையில் எந்த நேரம் எழுந்திருக்க வேண்டும், கதவை எப்படிச் சாத்த வேண்டும், காரை எந்தக் கோணத்தில் நிறுத்த வேண்டும் என்று நாள் முழுக்க ஊருக்கே சொல்லிக்கொடுக்கும் அப்பாவை. பிறகு போனை எடுத்தாள்.

மாப்பிள்ளை முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தார் போலிருக்கிறது.

"என்னாச்சு? பாஸா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"பாஸ்" என்றாள் மகள். "நீங்க இப்ப நின்னுக்கிட்டு இருக்கீங்களா? கொஞ்சம் உக்காந்துக்கோங்க."